உருகிப்போன வழக்கு

"பிள்ளை, எங்கடை கொம்பியூட்டருக்கு லண்டன் விசா கிடைச்சிட்டுது போலை. ஒருக்கா வந்து பார்" என்று சொல்லித்தான் செபநாயகம் றொசாந்தியைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

குருநகர்க் கடற்கரையில் அவருக்கு ஓர் ஐஸ் தொழிற்சாலை இருந்தது. குளிரறைக் கதவு திறக்கும்போதெல்லாம் நேரத்தைப் பதிந்துவைக்க அலுவலகத்தில் ஒரு லினக்ஸ் கணினி. சில நாட்களாக ஐஸ்கட்டிகள் குறைந்துகொண்டே போயின. எந்த நேரத்தில் குறைகின்றன என்று பார்க்கப் போனால், கணினியே ஐந்தரை மணித்தியாலம் பின்னால், லண்டன் நேரத்தில் நின்றது. வேலை முடிந்த பின்னேரத்தில் யாராவது கதவைத் திறந்தாலும், படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் மத்தியான அமளியில் திறந்ததாகவே அது எழுதி வைக்கும்.

கோப்பாயிலிருந்து ஸ்கூட்டியில் வந்திறங்கிய றொசாந்தி, முதலில் கணினியின் நேர வலயத்தைக் கொழும்புக்கு மாற்றினாள். இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஐயா, இதுக்குள்ளை நேரம் பாக்கிற சேவை ரெண்டு ஓடுது. ஒண்டு இன்ரநெற்றைக் கேட்டுச் சரியா வைக்குது. மற்றது வேலையாக்களின்ரை வரவு பதியிற உந்தப் பழைய மெசினைக் கேட்டுப் பிழையா வைக்குது. ஆளை ஆள் திருத்திக்கொண்டு ரெண்டும் சண்டை."

"அப்ப என்ன செய்யிறது?" என்றான் முகாமையாளர் ஜெரிசன். தேத்தண்ணித் தட்டோடு வந்த குளிரறைப் பொறுப்பாளர் ஆழ்வாப்பிள்ளையும் நின்று கேட்டார்.

"ரெண்டாவதை நிப்பாட்டி விடுறன். இந்தக் கட்டளையை ஆரும் அடிச்சு எழுப்பினாலொழிய அது இனி எழும்பாது."

கடவுச்சொல்லையும் மாற்றி, ஜெரிசனுக்கு மட்டும் சொன்னாள். அவன் அதை இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான், மறந்து போனான். மறுபடியும் சொல்லிக் கொடுக்க வேண்டி வந்தது.

அடுத்த கிழமையே கணினி மறுபடி லண்டனுக்குப் போய்விட்டது.

"உது மெசின்ரை வேலையில்லை, களவு!" என்று செபநாயகம் குதித்தார். "ஆள் ஆரெண்டு கண்டுபிடிச்சுத் தா பிள்ளை. பொலிசிலை குடுக்கிறன்."

றொசாந்தி பதிவுகளைப் பார்த்தாள். நிறுத்திய சேவையை முதல்நாள் பின்னேரம் யாரோ எழுப்பியிருந்தார்கள். அதுவும் இதே மேசையிலிருந்து, ஜெரிசனின் பெயரிலேயே உள்ளே போய். திரும்பிப் பார்த்தால், குளிரறை வாசலில் நின்றுகொண்டும் ஜெரிசனுக்கு வேர்த்துக் கொட்டியது. கையிலிருந்த கதவுத் திறப்புக் கோர்வையைக் கீழே போட்டான், குனிந்து எடுத்தான், திரும்பவும் போட்டான்.

செபநாயகம் வெளியே போனதும் அவள் நேரே கேட்டாள். "நேற்று எல்லாரும் போனாப் பிறகு இந்த மேசையடியிலை என்ன செய்தனீங்கள்?"

"அது... உங்களுக்குக் கோல் எடுப்பமோ விடுவமோ எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டனான்" என்றான் அவன், நிலத்தைப் பார்த்தபடி.

றொசாந்திக்கு எல்லாம் வெளித்துவிட்டது. இவன் கள்ளனில்லை. அவள் திரும்பி வரவேண்டும் என்பதற்காக மணிக்கூட்டைக் குழப்பியிருக்கிறான், அவ்வளவுதான். கோபப்பட்டுப் பார்த்தாள். வரவில்லை.

"மெசின் பழசு ஐயா. அது தன்ரைபாட்டிலை எழும்பியிருக்கு" என்று செபநாயகத்திடம் துணிந்து ஒரு பொய் சொன்னாள்.

"ஓம் ஐயா, சரியான பழசு" என்று ஜெரிசனும் அவசரமாக ஒத்துக்கொண்டான். "ஐஸும் உருகித்தான் குறைஞ்சிருக்கும்."

அதன்பிறகும் கணினி சில தரம் லண்டன் போய் வந்தது. ஒவ்வொரு தரமும் றொசாந்தி ஸ்கூட்டியில் வந்தாள். இரண்டாவது சேவையை நிறுத்தினாள். யாரையும் காட்டிக் கொடுக்காமல், ஜெரிசனோடு ரவுணுக்குப் போய் ஐஸ்கிறீம் குடித்துவிட்டு வீடு திரும்பினாள். இரண்டு வீட்டாரும் கதைத்துக் கலியாணத்தைப் பொருத்திய மாதத்தோடு மணிக்கூடு பிழைப்பது அடியோடு நின்றது. 'ஆள் திருந்திவிட்டான்' என்று அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

தேவாலயத்தில் கலியாணம் முடிந்து, பங்கு மண்டபத்தில் வரவேற்பு. மேடையில் படத்துக்குச் சிரித்தபடியே அவள் ஜெரிசனின் காதுக்குள் கேட்டாள். "இப்பவாவது சொல்லுங்கோ, அந்த ரெண்டாவது சேவையை எத்தினை தரம் எழுப்பினீங்கள்?"

"நானோ?" அவன் முழித்தான். "நீரெல்லோ எழுப்பினீர்! என்னைப் பாக்க வாறதுக்காக நீர்தான் உதுகளைச் செய்யிறீர் எண்டு நினைச்சுத்தானே, ஐஸ் உருகினதெண்டு ஐயாவுக்குப் பொய் சொன்னனான்?"

"இன்னும் கொஞ்சம் சிரியுங்கோ" என்றான் படப்பிடிப்பாளன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து, கலியாணம் பொருந்திய அதே மாதம் வேலையை விட்டுப்போய், வல்வெட்டித்துறையில் சொந்தமாக ஐஸ் கடை போட்டிருந்த ஆழ்வாப்பிள்ளை, ஆள் உயரக் குளிர்சாதனப் பெட்டி ஒன்றை நாலு பேரிடம் தூக்கக் கொடுத்துக்கொண்டு மேடையேறினார்.

"உங்கள் ரெண்டு பேரையும் சேத்து வைச்சதே நான்தான், பிள்ளையள்" என்று சொல்லி அவர் ஜெரிசனின் கையைப் பிடித்துக் குலுக்க, அதைப் பகிடி என்று நினைத்து மண்டபத்திலேயே பலமாகச் சிரித்தவர் செபநாயகம்தான்.