தினம் ஒரு கோளாறு

“இது கிடங்கும்மா. விளையாட்டு மைதானம் இல்ல” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார் ஸ்ரீரஞ்சனி.

அனுவுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கா தூக்கிக்கொண்டு போகிறேன் என்றாள்? அவளுடைய பெண்கள் அணி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கூடைப்பந்து ஆடும் அணி. எங்களுக்குக் கால்தான் நடக்காது, வாய் நன்றாகவே நடக்கும் என்பாள் அனு. அந்த அணிக்காக வெளிநாட்டிலிருந்து வந்த ஐந்து விளையாட்டு நாற்காலிகள் நந்தனத்தில் ஒரு சுங்கக் கிடங்கில் பூட்டிக் கிடந்தன. வரிவிலக்கு உத்தரவு டெல்லியிலிருந்து வரவேண்டும். அதுவரை அவை வாசலைத் தாண்டக் கூடாது. சரி, உள்ளேயே ஓட்டிப் பழகிக்கொள்கிறோம் என்றுதான் கேட்டாள்.

“மேட்ச் வரப்போவுது மேடம். இதோட சக்கரமெல்லாம் சாய்வா கீது. பழகாம போய் உக்காந்தா ஆடவே முடியாது.”

“ரூல்ஸ்ல இடமில்ல. வரி முடியாத சரக்கைப் பிரிச்சுப் பாக்கலாம், துடைக்கலாம், ஏதாவது கோளாறுன்னா சின்னதா ரிப்பேர் பண்ணலாம். அதுக்கும் நான் அனுமதி தரணும். வேற எதுக்கும் தொடக் கூடாது.”

கிடங்குக்குப் பொறுப்பான சுங்க அதிகாரி அவர்தான். அவர் சொன்னால் சொன்னதுதான்.

போன வருஷம் முதல் ஆட்டத்திலேயே கோட்டை விட்டவர்கள் இவர்கள். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து ஆடினால் பின்னே என்ன ஆகும்? இந்த வருஷமும் தோற்றால் அணியைக் கலைத்துவிடுவதாக விளையாட்டுச் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். பட்டினப்பாக்கத்தில் தன் வீடு போய்ச் சேரும்வரை அந்த அம்மாளைத் திட்டிக்கொண்டே போனாள் அனு.

மறுநாள் காலையில் அதே அம்மாளிடமிருந்து போன்.

“ஒரு நாற்காலியில சக்கரத்து நட்டு லூஸா இருக்கு. வந்து சரி பண்ணிட்டுப் போங்க. அஞ்சு பேரும் வாங்க.”

“ஒரு நட்டு முடுக்க அஞ்சு பேரா மேடம்?”

“சரியாச்சான்னு ஓட்டிப் பாக்க வேண்டாமா? எல்லாத்தையும்தான் ஓட்டிப் பாக்கணும்.”

ஆசையாகக் கேட்டால் கதவைச் சாத்துவது, வேலை வாங்க மட்டும் கூப்பிடுவது. என்ன மனுஷி என்று அனுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாந்தோமில் இருந்த தன் செல்போன் ரிப்பேர் கடையைச் சாத்தினாள். மற்ற நால்வரும் லீவு போட்டுவிட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள்.

நட்டை முடுக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஓட்டிப் பார்க்கும்போதுதான் அனுவுக்குப் பொறி தட்டியது. ஓட்டிப் பார் என்றாரே தவிர, எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லையே.

அவ்வளவுதான். பெட்டிகளுக்கு நடுவே இருந்த காலி இடத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். நேருக்கு நேர் வந்து மறித்தார்கள், சறுக்கினார்கள், கவிழ்ந்தார்கள், எழுந்தார்கள். கூடையில் போடுவதெல்லாம் கைவந்த கலை. இந்தப் புது ஓட்டம்தான் பழகவேண்டியிருந்தது.

அடுத்த நாள் வேறொரு நாற்காலியில் கோளாறு. அதற்கடுத்த நாள் இன்னொன்றில். தினமும் போன் வந்தது. தினமும் ஐந்து பேரும் போனார்கள், இப்போது முணுமுணுக்காமல்.

ஒருநாள் அஃப்சருன்னிசா ஸ்பேனர் பைக்குள் பந்தை ஒளித்துக் கொண்டுவந்தாள். அணியிலேயே துணிச்சல்காரி அவள். ஆனால் பையைத் திறந்ததும் பந்து உருண்டு போய் ஸ்ரீரஞ்சனியின் காலடியில் நின்றது.

“இது எதுக்கு?”

அனு முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டாள். “சக்கரம் டக்குனு திரும்புதான்னு பாக்கணுமே மேடம். பந்து புடிக்கப் போனாத்தான் கரெக்டா தெரியும்.”

ஸ்ரீரஞ்சனி அந்தப் பந்தையே சற்று நேரம் பார்த்தார். “மத்த சரக்கு மேல படக் கூடாது” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் ஐந்து பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெரிய அதிகாரி, காதில் பூச்சுற்றினால் இப்படியா தலையை ஆட்டிக்கொண்டு போவார்?

டெல்லி உத்தரவு போட்டிக்கு முந்தின நாள்தான் வந்தது. நாற்காலிகள் கிடங்கிலிருந்து நேரே ஆட்டக்களத்துக்குப் போயின. போன வருஷம் இவர்களைத் துவைத்துக் காயப்போட்ட அதே அணி இறுதி ஆட்டத்தில் எதிரே வந்தது. அனு புகுந்த வேகத்தில் அவர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடைசிப் பந்தை அஃப்சருன்னிசா கூடையில் போட்டபோது, அணியைக் கலைப்பதாகச் சொன்ன சங்கத்துக்காரர்களே நாற்காலி மேல் ஏறி நின்று கை தட்டினார்கள். அனு ஓவென்று அழுதாள். அத்தனை சந்தோஷம்.

மறுநாள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கிடங்குக்குத்தான் போனாள். நன்றி சொல்ல அல்ல. அந்த அம்மாள் முகத்துக்கு நேரே காட்டிவிட்டு வரத்தான்.

ஸ்ரீரஞ்சனிக்கு அன்று துறைமுகத்தில் வேலை. காவலாளி துரைராஜ் மட்டும்தான் இருந்தார்.

“மேடம் வந்தா சொல்லுங்கண்ணா. இங்க ஆடக் கூடாதுன்னாங்க இல்ல? ரிப்பேர்னு சொல்லிக்கினு அவங்க கண்ணு முன்னாடியே தினமும் ஆடிட்டோம். நல்லா ஏமாந்துட்டாங்க.”

துரைராஜ் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“அஞ்சும் புத்தம் புதுசும்மா. ஒரு நட்டுகூட லூஸா வரல. கோளாறு இல்லாமயே ரிஜிஸ்டர்ல ரிப்பேர்னு எழுதுனா பொய்யாயிடும்னு, தினம் காலைல நான் கேட்டைத் தொறந்ததும் மொத வேலையா ஸ்பேனர எடுத்து, அந்தம்மாவே ஒரு நட்டை லூஸ் பண்ணிட்டுத்தான் உனக்கு போன் போடுவாங்க.”