பாதி வெட்டிய பாரை

நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் காலை, திருகோணமலை மீன் சந்தையில், சுனாமியில் இறந்தவர்களுக்கான இரண்டு நிமிட மௌனத்துக்குச் சைரன் ஒலிக்கிறது. தராசுகள் ஆடிக்கொண்டே இருக்கின்றன. விலை கூவும் குரல்களும் ஓயவில்லை. மீன் வெட்டும் மாகிரட் மட்டும் பாதி வெட்டிய பாரை மீனில் கத்தியை விட்டுவிட்டு எழுந்து நிற்கிறாள். நிலாவெளிக் கரையில் அவளுடைய மகள் மெலனியை அலை கொண்டுபோனது. தகரக் கூரையின் ஓட்டை வழியே இறங்கும் வெயில் கத்தியின் பிடியில் விழுகிறது. “கெதியா வெட்டுங்கோ அக்கா, வீட்டில விருந்தாக்கள்,” என்கிறார் பாரையை வாங்கிய வெள்ளைச் சட்டைக்காரர், கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே. “இருவது வருசம் கடந்திட்டுது. இன்னும் என்ன?” மாகிரட் நின்றபடியே இருக்கிறாள். சைரன் அடங்குகிறது. அவள் உட்கார்ந்து பாரையை ஓரமாகத் தள்ளிவிட்டு, பின்னால் நிற்கும் பெண்ணின் சூடை மீனை வாங்கித் துப்புரவாக்குகிறாள். பிறகு இன்னொருவரின் கணவாய். “என்ர மீன்?” “வெட்டுவன் ஐயா, நில்லுங்கோ.” “எவ்வளவு நேரம் நிக்கிறது?” “என்ர பிள்ளைக்காக நிக்க ஏலாது உங்களுக்கு. மீனுக்காக நில்லுங்கோவன்.” பக்கத்துப் பலகையில் டினேஷ் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிகிறான். பாரையில் ஈ மொய்க்கிறது. கைபேசி அடிக்கிறது, அவர் எடுக்கவில்லை. மாகிரட் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறாள். வெள்ளைச் சட்டைக்காரர் நிற்கிறார்.