பாசி தின்னும் மீன்

"இன்னாம்மா இது, வாயே வெக்க மாட்டேங்குது?"

ஹாஜா மைதீன் கண்ணாடித் தொட்டிக்குள் இன்னொரு இறால் துண்டைப் போட்டார். முன்பு போட்டவையெல்லாம் அடியில் வெளுத்துக் கிடந்தன. தண்ணீர் கலங்கியிருந்தது. மஞ்சள் மீன் பாறைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தது.

"கொன்னுடப் போறீங்க அத்தா. அது இறால் தின்னாது. காஞ்ச கடல்பாசியத்தான் அம்மா கிளிப்ல மாட்டி வுடுவாங்க. எங்க வெச்சிருக்காங்கன்னு தெரியல" என்றாள் மகள் ஆஃபியா.

"கடல்ல பொறந்துட்டு கீரை தின்னுதா? நல்லா வந்து சேந்துது."

மனைவி பரிதாவுக்கு அன்று மூன்றாம் நாள் ஃபாத்திஹா. ஓதி முடித்து, வந்தவர்கள் போய்விட்டார்கள். மாரடைப்பு. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரைகூட அவள் தாங்கவில்லை.

தொட்டி போன வருடம் வந்தது. வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று பரிதா கேட்டாள், வாங்கிக்கொள் என்றார். உப்புத் தண்ணீர் மாற்ற வெள்ளிக்கிழமைகளில் ஓர் ஆள் வருவான். அன்று அவர் பல்லாவரம் சந்தையில் பழைய மிக்சி விற்றுக்கொண்டிருப்பார். அந்த ஆளைப் பார்த்ததேயில்லை.

"அவனுக்கு போனப் போடு. இதுவும் செத்துச்சுன்னா உங்கம்மா என்னை சும்மா வுட மாட்டா."

"நம்பர் அம்மா போன்ல இருக்கு. லாக் தெரியாது."

மீனும் பிடிகொடுக்காத சாதி. யார் கிட்டே போனாலும் ஒளிந்துகொள்ளும். தன்னிடமும் தண்ணீர் மாற்றுகிறவனிடமும் மட்டும்தான் வரும் என்று பரிதா சொல்வாள்.

வாசலில் மகன் அசார் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தான். மூன்று வருடத்துக்கு முன்பு ஜீவிதாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்தவனை, இனி இந்த வாசப்படியை மிதிக்காதே என்று அவர் விரட்டியிருந்தார். அடக்கத்தின்போதும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

"உள்ள வாடா" என்றார்.

அசார் தயங்கினான்.

"வாடான்றேன். பெத்தவ உன் மொகத்தப் பாக்காமலே போய்ட்டா. நான்தான் பாக்க வுடல. நாளைக்கு அல்லா கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். அசார் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அப்பாவின் தோளைத் தொடலாமா என்று தெரியாமல் தொட்டி அருகே நின்றுவிட்டான்.

பாறைக்குப் பின்னாலிருந்து மஞ்சள் மீன் வெளியே வந்தது. நேராக அவன் முன்னால் வந்து கண்ணாடியில் முட்டியது. அவன் கை அசைந்த பக்கமெல்லாம் அதுவும் போனது.

அவனால் பொறுக்க முடியவில்லை. தொட்டிக்கு அடியிலிருந்த அலமாரியைத் திறந்து, உப்பு மூட்டைக்குப் பின்னால் கைவிட்டுப் பாசிப் பொட்டலத்தை எடுத்தான். ஒரு துண்டைக் கிழித்துத் தண்ணீருக்குள் பிடித்தான். பட்டினி கிடந்த மீன் அவன் விரலிலிருந்தே பிடுங்கித் தின்றது.

ஹாஜா மைதீனின் அழுகை நின்றிருந்தது. மீனைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். ஆஃபியா தலையைக் குனிந்துகொண்டாள்.



"அப்ப, உன்னப் பாக்காம இருந்தது நான் மட்டும்தானாடா?"