வள்ளக்கடவில் கழற்றிய மோட்டார்

கர்க்கடக மாத மழை சற்றே விட்டிருக்கிறது. வள்ளக்கடவு ஓலைக் கொட்டகையில், மரச்சட்டத்தில் மாட்டிய சீமைப் படகு மோட்டாரின் முன் மெக்கானிக் அழகியநம்பி குந்தியிருக்கிறார். எதிரே படகுக்காரர் நயினார், சவரம் செய்யாத முகத்துடன், மோட்டாரின் கீழ்ப்பாகத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். நாலு நாளைக்கு முன், பிரசவ வலியெடுத்த மனைவி வடிவாம்பாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியில், வேளிக் காயல் நடுவே மோட்டார் இரைந்துகொண்டே இருக்க, நீருக்கடியில் விசிறி மட்டும் நின்றுபோனது. கழுக்கோல் ஊன்றிக் கரை சேர்ந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

"அங்கே வச்சே சரியாக்கியிருக்க முடியுமா நம்பி? அதை மட்டும் சொல்லிரு."

நம்பி கடைசி போல்ட்டைக் கழற்றி, மரச்சுத்தியலால் மெல்லத் தட்டுகிறார். இறுகியிருந்த கீழ்ப்பாகம் முனகலுடன் விடுபட்டு நயினாரின் கைகளில் இறங்குகிறது. உள்ளிருந்து கிரீஸ் தண்ணீர் கலந்து வெள்ளைக் குழம்பாக வழிகிறது. பல்சக்கரத்தில் பல்லே இல்லை. இரும்பு விளிம்பில், நீர் புகாமல் அடைக்க வேண்டிய காகித வாஷர் கோணலாக மடிந்து ஒட்டியிருக்கிறது. நம்பி அதை விரலால் தடவுகிறார். நயினார் அதைக் கவனிக்கவில்லை. அவர் பார்ப்பது நம்பியின் முகத்தை மட்டும்.

"முடியாது அண்ணாச்சி. உள்ளே வெள்ளம் கேறி, சக்கரம் தேஞ்சுபோச்சு."

"வெள்ளம் எப்படிக் கேறிச்சு?"

ஓலை நுனியிலிருந்து நீர் சொட்டுகிறது. நம்பி தலையைத் தூக்காமல் பேசுகிறார்.

"போன மாசம் இதைப் பூட்டினது நான்தான். வாஷரைச் சரியா வைக்கல்லை."

கிரீஸ் நயினாரின் முழங்கைவரை வழிந்து வேட்டியில் விழுகிறது. கையிலிருப்பதைக் கீழே வைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.