முடிவைச் சொல்லாதே!

நேற்று மதியம் கிரிக்கெட் இறுதி ஆட்டம். பல் டாக்டருக்கு இரவு வெகுநேரம் வரை கிளினிக். ஆனாலும் அவர் கலங்கவில்லை. வீட்டில் டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்யப் புது ரெக்கார்டர் இருக்கிறதே!

முடிவு தெரியாமல் பார்த்தால்தானே ருசி? அதற்காக இன்று பேப்பரைத் தொடவில்லை. போனை அணைத்துவிட்டார். "டாக்டர், நேத்து மேட்ச்..." என்று ஆரம்பித்த நோயாளிகளின் வாயில் பஞ்சைத் திணித்தார்.

மதியம் வீட்டுக்கு வந்ததும் மனைவி, "என்னங்க, மேட்ச்..." என்றாள்.

"மூச்சு விடாதே!"

"அது இல்லைங்க..."

"சொன்னா புரியாதா உனக்கு?"

"எப்படியோ போங்க" என்று அவள் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

ரெக்கார்டர் இருக்க அவசரமென்ன? டாக்டர் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்து ரிமோட்டை அழுத்தினார்.

திரையில் மழை.

"நேரடியா பார்த்தவன் இதையும் பார்த்திருப்பான், பாவம்!" என்று சிரித்தபடி வேகமாக ஓட்டினார். மேலும் மழை. மூன்று மணி நேர மழையை மூன்றே நிமிடத்தில் பார்த்து முடித்தபோது, வர்ணனையாளர் குடையுடன் வந்தார்.

"இன்று ஒரு பந்துகூட வீச முடியவில்லை. ஆட்டம் நாளை மதியம் நடக்கும்."

பக்கத்து வீட்டில் விசில் பறந்தது. மனைவி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"கடைசிப் பந்துல சிக்ஸர்ங்க! இன்னிக்கும் ரெக்கார்ட் போட்டிருக்கீங்கல்ல?"