எலிப்பொறி

குமுதவல்லி எதையும் கணவரைக் கேட்டே செய்யும் வழக்கமுடையவள். இரயில் நிலையக் குண்டுவெடிப்பில் அவர் மாண்ட பின்னரும், இறந்தவர் போலவே பதில் பேசும், அரசு அளித்த குரல்பெட்டியில் அவரைக் கேட்டே உலை வைத்தாள். போர் தொடுக்கலாமா என்று இறந்தவர்களிடம் வாக்குக் கேட்க அலுவலர் வந்தபோது, பெட்டி அவர் குரலிலேயே பேசியது.

"ஒருத்தனையும் விடக்கூடாது, வல்லி. சம்மதம்னு கைரேகை வை."

"அவரே சொல்லிட்டாரே, வைங்கம்மா," என்றார் அலுவலர்.

பொறியில் சிக்கிய எலியைக்கூட வாய்க்காலுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவந்த மனிதர் அவள் கணவர்.

"பொறியில எலி மாட்டியிருக்குங்க. என்ன செய்யட்டும்?" என்று பெட்டியைக் கேட்டாள்.

"தண்ணியில அமுக்கிக் கொன்னுடும்மா," என்றது, அவருடைய அதே கனிந்த குரலில்.

குமுதவல்லி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டு ஓட்டு, போர் வேண்டாங்க."