பெட்ரோல் மூடிக்குக் கீழே

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, நெஞ்சை விட்டு நகராத கதையொன்று சொல்கிறேன்.

ஒருத்தியின் கணவன் இறந்த பிறகு, மழை பெய்த மறுநாளெல்லாம் அவனுடைய வெள்ளைக் காரில் பெட்ரோல் மூடிக்குக் கீழே கறுப்பாக ஒரு கோடு வழிந்திருக்கும். அவள் துடைப்பாள். அடுத்த மழைக்கு மறுபடி வரும்.

“எம்புள்ளை அழுறாண்டி! என்னால பார்க்க முடியல, எப்படியாவது நிறுத்து” என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

மெக்கானிக்கான தம்பி வந்து மூடியைத் திறந்தான். “அக்கா, தண்ணி இறங்குற ஓட்டை அழுக்குல அடைச்சிருக்கு. தேங்குன தண்ணி வெளியே வழியுது. அத்தானாவது, அழுறதாவது!” கம்பியால் குத்திவிட்டுப் போனான்.

அன்றிரவு அடைமழை. காலையில் கோடு இல்லை. துடைக்கப் போனவள் துணியும் கையுமாக வெகுநேரம் நின்றாள். அன்றுதான் அவன் செத்துப்போனது போலிருந்தது.

மறுபடி வானம் இருட்டியது. ஓசைப்படாமல் காரிடம் போனாள். அங்கே மாமியார் மூடியைத் திறந்து, அந்த ஓட்டையில் மெழுகை வைத்து அடைத்துக்கொண்டிருந்தாள்.

“திட்டாதேடி. அழுதாலும் அவன் இங்கதானே இருந்தான்!”

மருமகள் தன் கையை விரித்தாள். அதிலும் மெழுகு.

உங்கள் வீட்டில் யாரும் யாரையும் இப்படித் தேடாமல், எல்லோருமாக நிறைந்திருங்கள், என் செல்வங்களே.